வியாழக்கிழமைக் கெட்டிமேளம்

1

நெதர்லாந்தில் எங்கு திரும்பினாலும் சைக்கிள். மேயர் சைக்கிளில் போகிறார், மருத்துவர் சைக்கிளில் போகிறார், கொட்டுகிற மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் பூச்செடியுமாக நிறைமாதக் கர்ப்பிணி சைக்கிளில் போகிறாள். இப்படிப்பட்ட நாட்டில், நான்கு சுவருக்குள் ஆணியடித்தது போல நிற்கிற சைக்கிளில் ஏறி நாற்பத்தைந்து நிமிடம் மிதிப்பதற்கென்று சிலர் காசு கொடுத்து வருகிறார்கள். அவர்களுக்குப் பாட்டுப் போட்டு மிதிக்க வைப்பது என் வேலை.

திருப்பூரில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன்.

“ஏங்கண்ணு, அப்ப அந்தச் சைக்கிள் எங்கயுமே போகாதா?”

“போகாதுங்கம்மா.”

“அப்பறம் எதுக்குக் கண்ணு அவ்வளவு வேகமா மிதிக்கறாங்க?”

அவர்கள் எதற்கு மிதித்தால் என்ன, எனக்கு அது சம்பளம். இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது ஆண்டுகளில் எனக்கென்று கிடைத்த முதல் வேலை இது. அதற்கு முன் நான், இங்கே வேலைக்கு வந்த ரஃபியின் மனைவி, மலரின் அம்மா, படிவங்களில் ‘உடன் வந்தவர்’. உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்று வருடம் முன்வரிசையில் உட்கார்ந்து மிதித்தவள். வகுப்பு நடத்திய பெண் பிரசவ விடுப்பில் போனதும், கூடத்தின் மேலாளர் மார்லேன் என்னிடம் வந்து, “நீதான் எப்போதும் தாளம் தப்பாமல் மிதிக்கிறாய். ஆறு வாரம் நடத்திப் பார்க்கிறாயா?” என்று கேட்டாள். ஆறாவது வாரம் அவளே வந்து உட்கார்ந்து பார்ப்பாள். சரியாக இருந்தால் வியாழக்கிழமை வகுப்பு எனக்கு. இல்லையென்றால் வகுப்பையே மூடிவிடுவார்கள்.

நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். ஆறாவது வியாழக்கிழமை எங்கள் திருமண நாளில் வந்து நின்றது. அந்த ஆறு வாரக் கதையைத்தான் எழுதுகிறேன்.

2

பாட்டுப் போட்டு ஆட்களை ஓட வைப்பது எனக்குப் புதிய வேலையில்லை.

திருப்பூர் வேலம்பாளையத்தில் அப்பாவுக்கு முப்பது தையல் மெஷின் போட்ட ஒரு சின்ன பனியன் யூனிட் இருந்தது. கல்லூரி முடித்த கையோடு, ஒருவர் தைத்ததை அடுத்தவர் வாங்கித் தைக்கிற லைனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு வந்தது. அதோடு சேர்த்து, சுவரில் மாட்டியிருந்த இரண்டு ஸ்பீக்கருக்கும் நானே பொறுப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் வேகமான பாட்டுப் போட்டால் வேகமாகத் தைப்பார்கள் என்று நினைப்பார்கள். சுத்தப் பொய். குத்துப்பாட்டு போட்டால் முதல் நாலு டெய்லர் பறப்பார்கள், ஐந்தாவது ஆள் முன்னால் பீஸ் மலையாகக் குவியும். அந்த ஆள் பதற்றத்தில் துணியை இழுத்துத் தைப்பார், செக்கிங் டேபிளிலிருந்து பாதி திரும்பி வரும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மெலடி போட்டாலோ மொத்த லைனும் தூக்கத்தில் சாமியாடும். லைனில் யார் மிகவும் மெதுவோ, அவர் கைக்கு எட்டுகிற பாட்டைப் போட வேண்டும். பத்துப் பத்து நிமிடமாக ஏற்ற வேண்டும். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு பாட்டு, பீகாரிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு இந்திப் பாட்டு என்று பங்கும் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் டீ நேரத்தில் என் தலை உருளும்.

அந்தப் பாட்டெல்லாம் பென் டிரைவில் கொண்டு வந்து தந்தவன்தான் ரஃபி. திருப்பூரிலேயே மண்ணரைக்காரன். எங்கள் யூனிட்டுக்கு எலாஸ்டிக், லேபிள், பட்டன் சப்ளை. எலாஸ்டிக் வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதும். பென் டிரைவ் மட்டும் தினமும் வந்தது. அப்பாவுக்குப் புரிவதற்கு முன்பே முப்பது டெய்லருக்கும் புரிந்துவிட்டது.

எங்கள் கல்யாணத்தில் மேளம் இல்லை. சார்பதிவாளர் அலுவலகம், மூன்று சாட்சி, நாலைந்து கையெழுத்து, எதிர்க்கடையில் ஆளுக்கொரு ரோஸ்மில்க். மூன்று வருடம் அப்பா பேசவில்லை. மலர் பிறந்த பிறகு ஒருநாள் பழப்பையோடு மண்ணரைக்கு வந்து உட்கார்ந்தார். மின்விசிறியைப் பார்த்தபடி, “நூல் விலை என்னங்க தம்பி, இந்த மாசமும் ஏறிருச்சாமா?” என்று ரஃபியிடம் கேட்டார். அன்றிலிருந்து இன்றுவரை மாமனாரும் மருமகனும் நூல் விலையைத் தவிர வேறு எதுவும் பேசிக்கொள்வதில்லை. ஆனால் வாரம் தவறாமல் அரை மணி நேரம் பேசுகிறார்கள்.

சரி, வகுப்புக்கு வருகிறேன். கூடத்திலிருந்து ஒரு பாட்டுப் பட்டியல் தந்திருந்தார்கள். முதல் பாட்டிலிருந்தே தலைதெறிக்கிற வேகம். இளம்பெண்கள் நாலு பேர் பறந்தார்கள். ஹெங்க் மட்டும் மூன்றாவது நிமிடத்திலேயே சிவந்துபோய் நின்றுவிட்டார். எழுபத்தொரு வயது, மனைவியை இழந்தவர், முழங்காலில் ஒரு தடவை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இப்போதும் மனதுக்குள் ஒரு ‘ங்க’ சேர்த்துத்தான் கூப்பிடுகிறேன்.

எனக்கு ஐந்தாவது டெய்லரைப் பார்த்தது போலிருந்தது. அன்றே பட்டியலை மாற்றினேன். ஹெங்கின் முழங்கால் தாங்குகிற தாளத்தில் தொடங்கி, அவர் அறியாமலேயே ஏற்றிக்கொண்டு போனேன். மற்றவர்களுக்கு வேகம் போதவில்லையென்றால் சைக்கிளில் உள்ள குமிழைத் திருகி மிதியின் கனத்தைக் கூட்டிக்கொள்ளட்டும். இரண்டாவது வாரம் ஹெங்க் நாற்பத்தைந்து நிமிடமும் நிற்காமல் மிதித்தார். இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் விடவே இல்லை. மூன்றாவது வாரம் தன் தோழர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்.

3

கடைசி மூன்று நிமிடத்துக்கு மட்டும் எனக்கு எந்தப் பாட்டும் சரிப்படவில்லை. எல்லாரும் களைத்திருக்கும்போது உள்ளே இருக்கிற கடைசிச் சொட்டையும் பிழிந்தெடுக்கிற சத்தம் வேண்டும்.

அப்போதுதான் தம்பி செந்திலின் கல்யாண மேளம் நினைவுக்கு வந்தது. பெருமாநல்லூர் மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி அட்டையைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். அட்டை இல்லாமல் வெளியேறினால் திரும்பி வருவது கஷ்டம் என்றார்கள். அட்டை எப்போது வரும் என்று கேட்டால், ‘உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது’ என்று அதே வரியை நாலு முறை அனுப்பினார்கள். முகூர்த்தத்துக்கு மறுநாள் தபாலில் வந்தது அட்டை. அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதது நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அன்று அம்மா எனக்காகக் கைப்பேசியில் பதிவு செய்யத் தொடங்கி, யாரோ கூப்பிடவும் அதை அப்படியே தவில்காரருக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதனால் எனக்குக் கிடைத்தது சுத்தமான மேளம். நாதஸ்வரம் நிதானமாக நடந்துவந்து, தவில் அதை மெல்ல உசுப்பி, கடைசியில் கெட்டிமேளம். நடுவில் ஓரிடத்தில் அம்மா குரல்: “மாமா, பந்திக்கு இலை போட்டாச்சுங்களா? ஆளுங்க நிக்கறாங்க.”

நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று எண்ணும் செயலியில் மலர் அதைப் போட்டுப் பார்த்தாள். பதினான்கு வயது. கேள்வியைத் தமிழில் கேட்டால் பதில் டச்சில் வரும். அன்று எப்படியோ தமிழிலேயே சொன்னாள்: “ஆரம்பம் எண்பத்துநாலும்மா. கடைசில மெஷினே எண்ண மாட்டேங்குது.”

கூடம் உரிமம் வாங்காத இசையென்றால் வாசித்தவரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும் என்றாள் மார்லேன். செந்தில் தவில்காரரைத் தேடிப் போனான். “நம்ம மேளத்துக்கு ஃபாரின்ல சைக்கிள் மிதிக்கறாங்களா? தாராளமா மிதிக்கச் சொல்லுங்க” என்றவர், மண்டப ரசீதின் பின்புறத்தில் அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டார். நான் மொழிபெயர்த்துக் கொடுத்தேன். மார்லேன் அதைக் கோப்பில் வைத்துக்கொண்டாள்.

நான்காவது வாரம் மேளத்தைப் போட்டேன். தாலி கட்டும் நேரத்தில் இசைக்கிற மேளம் இது, பெரியவர் ஒருவர் ஆள்காட்டி விரலைத் தூக்கி ஆட்டியதும் வெளுத்து வாங்குவார்கள், அப்போது எல்லாரும் மணமக்கள் மேல் மஞ்சள் அரிசியைத் தூவுவோம் என்று முன்கூட்டியே விளக்கினேன். என் கல்யாணத்தில் இது இல்லை என்பதையும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். அம்மா குரல் வந்ததும், “அந்தப் பெண்மணி என்ன சொல்கிறார்?” என்று மூச்சிரைக்கக் கேட்டார் ஹெங்க். “சாப்பாடு தயாரா என்று கேட்கிறார்” என்றேன். உடனே வேகம் கூடியது.

நான் விரலைத் தூக்கி ஆட்டி, “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்றேன். பதினான்கு பேரும் திருப்பிக் கத்தினார்கள். தவில் பொழிந்தது. நான் செய்ததை நான் அறியவில்லை. என் வலதுகை தானாக எழுந்து, விரல்களைக் குவித்து, முன்னால் வீசியது. முப்பது வருடம் மண்டபம் மண்டபமாகப் போய்ப் பழகிய கை. வகுப்பில் ஆசிரியை செய்வதை அப்படியே செய்ய வேண்டும் என்பது விதி. பதினான்கு பேரும் வீசினார்கள். ஹெங்க் அப்போதுதான் தண்ணீர் குடித்திருந்தார். அவர் கையில் இருந்த உலோகப் பாட்டில் பறந்துபோய் எதிர்ச்சுவர்க் கண்ணாடியில் மோதியது. கண்ணாடியில் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கோடு விழுந்தது.

4

சம்பவப் படிவம் ஒன்றைத் தந்தார்கள். இரண்டு பக்கம். என் டச்சு காய்கறிக் கடைக்குப் போதும், சட்டத்துக்குப் போதாது. மலரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதச் சொன்னேன்; கேள்விகளை அவள் தமிழில் சொன்னாள்.

“எறிந்த பொருள் என்னன்னு கேக்கறாங்க.”

“பாட்டில்னு எழுது.”

“அது ஒருத்தர்தான். மத்த பதிமூணு பேர் என்ன எறிஞ்சாங்க?”

“அட்சதை.”

“அப்படின்னா?”

எனக்குச் சுருக்கென்றது. விவரம் தெரிந்த பிறகு இவள் ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போனதில்லை. மஞ்சள் தடவிய அரிசி, கல்யாணத்தில் தலையில் போடுவார்கள் என்றேன்.

“ஆனா அரிசி இல்லையே?”

“இல்லைதான்.”

அவள் கொஞ்சம் யோசித்து, ‘கற்பனை அரிசி’ என்று டச்சில் எழுதினாள். எறிந்ததன் நோக்கம் என்ற கட்டத்தில் ‘வாழ்த்து’ என்று எழுதினாள். சிரித்துச் சிரித்து எங்கள் இருவருக்கும் வயிறு வலித்தது. கடைசியாக அவளோடு சேர்ந்து அப்படிச் சிரித்தது எப்போது என்று எனக்கு ஞாபகமில்லை.

மார்லேன் படிவத்தைப் படித்தாள், சிரிக்கவில்லை. “உச்ச வேகத்தில் யாரும் கைப்பிடியை விடக் கூடாது. ஆறாவது வாரம் வந்து பார்க்கிறேன். இன்னொரு முறை இப்படி நடந்தால் அத்தோடு முடிந்தது” என்றாள்.

5

மேளத்தை விட்டுவிடு என்று ஒரு மனம் சொன்னது. விட்டால் அது என் வகுப்பே இல்லை என்று மறு மனம் சொன்னது. மேளம் இருக்கட்டும், கை மட்டும் எழக் கூடாது என்று முடிவு செய்தேன். மாலையில் ரஃபி மேளத்தைப் போட, நான் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்று பழகினேன். கெட்டிமேளம் வந்ததும் கை எழுந்தது. மறுபடி போட்டோம். மறுபடி எழுந்தது. திரும்பிப் பார்த்தால் ரஃபியின் கையும் எழுந்திருந்தது.

“உங்க கை ஏனுங்க எந்திரிக்குது?”

“சரக்கு வாங்கற பார்ட்டிங்க ஊட்டுக் கல்யாணம் ஒண்ணு விடாமப் போயிருக்கறேன் கவி. இது அடங்கற கையா?”

அடங்காத கையை அடக்க வேண்டாம், நேரத்தை மாற்றுவோம் என்றான் ரஃபி. மண்டபத்தில் கடைசி வரிசைக்காரர்கள் மேளம் நின்ற பிறகுதானே எட்டி வந்து தூவுகிறார்கள்? மேளம் முடியும்வரை கைப்பிடி. பிறகு பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை நிறுத்த வேண்டும். நின்ற பிறகு அரிசி. நல்ல யோசனைதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் திருப்பூர்க்காரி. ஒரு வெள்ளைக்காரர் கோப்போடு வந்து பார்க்கப் போகிறார் என்றால் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் ஆடிட். ஆடிட்டுக்கு முந்தின வாரம் யூனிட் எப்படி மாறும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். தரையில் மஞ்சள் கோடு புதிதாக ஏறும், சுவரில் விதிமுறை அட்டை தொங்கும், டெய்லர்களுக்குக் கேள்வி பதில் மனப்பாடமாகும். எனக்கு வேறு வழி தெரியாது. சைக்கிள்களைச் சுற்றி மஞ்சள் நாடா ஒட்டினேன். மலர் டச்சில் எழுதித் தந்த விதிகளை அட்டையாக்கி மாட்டினேன். ஐந்தாவது வாரம் வகுப்பு முடிந்ததும் எல்லாரையும் நிற்க வைத்து, “மார்லேன் கேட்டால், முதல் வாரமே விதிகளைச் சொல்லிக் கொடுத்தாள் என்று சொல்லுங்கள்” என்றேன்.

“முதல் வாரம் நீ சொல்லவில்லையே” என்றார் ஹெங்க்.

“இப்போது சொல்கிறேனல்லவா?”

அவர் தலையாட்டினார். அது எங்கள் ஊர்த் தலையாட்டல் இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

6

திருமண நாள் காலையில் அப்பா அழைத்து ரஃபியோடு நூல் விலை பேசினார். வழக்கத்தைவிடப் பத்து நிமிடம் கூடுதல். அதுதான் வாழ்த்து.

ஒன்பதரை மணிக்கு மார்லேன் கோப்போடு வந்தாள். மஞ்சள் நாடாவைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், வரிசையாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்த பதினெட்டுப் பேரைப் பார்த்தாள். “இன்று ஏன் எல்லாம் இவ்வளவு ஒழுங்காக இருக்கிறது?” என்றாள்.

“நீ வருவதால்தான்” என்றார் ஹெங்க். “நீ கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று போன வாரம் சொல்லிக் கொடுத்தாள். விதிகளை முதல் வாரமே சொன்னதாகச் சொல்ல வேண்டும். உண்மையில் போன வாரம்தான் சொன்னாள். ஆனால் நன்றாகச் சொன்னாள்.”

இந்த நாட்டில் பொய் சொல்ல ஆள் கிடைக்காது என்று ஒன்பது வருடத்தில் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? போயிற்று, வேலை போயிற்று என்று நினைத்தேன்.

“ஏன் அப்படிச் செய்தாய்?” என்று கேட்டாள் மார்லேன்.

இனி மறைத்து என்ன ஆகப் போகிறது? “எங்கள் ஊர்த் தையல் யூனிட்டுக்கு உங்கள் நாடுகளிலிருந்து சோதனைக்கு வருவார்கள். வந்தால் இப்படித்தான் தயாராவோம். எனக்கு இந்த ஒரு விதம்தான் தெரியும். தரையில் மஞ்சள் கோடு போடச் சொல்லித் தந்ததே நீங்கள்தான்” என்றேன்.

மார்லேன் தன் சட்டைக் கழுத்தைத் திருப்பி லேபிளைப் பார்க்க முயன்றாள். பின்னால் இருந்த பெண் எட்டிப் படித்து, “இந்தியா” என்றாள். மார்லேன் கோப்பை மூடி ஓரமாக வைத்துவிட்டு, கடைசி வரிசையில் காலியாக இருந்த சைக்கிளில் ஏறினாள். “நான் இல்லாதது போல நடத்து.”

எப்படி முடியும்? ஏறி உட்கார்ந்த இரண்டாவது நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது, அன்று வகுப்பில் மிகவும் மெதுவான ஆள் மார்லேன்தான். கூடத்தை நடத்துகிறாளே தவிர மிதித்ததில்லை. என் திட்டத்தையெல்லாம் தூக்கிப் போட்டேன். இரண்டு பாட்டுகளை நீக்கி, அவள் காலுக்கு எட்டுகிற ஒன்றைப் போட்டேன். அதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ஹெங்க் கண்டுபிடித்துவிட்டார். திரும்பி மார்லேனைப் பார்த்து, “கவலைப்படாதே, அவள் உன்னை விட்டுவிட்டுப் போக மாட்டாள்” என்றார். முப்பதாவது நிமிடத்தில் மார்லேன் வியர்வையில் நனைந்து, வாய் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். லைன் சரியாக ஓடும்போது ஒரு சத்தம் வரும். யாரும் முந்தாமல், யார் முன்னாலும் எதுவும் குவியாமல், ஒரே சீராக. அந்தச் சத்தத்தை, கல்யாணமாகி யூனிட்டை விட்டுப் பதினேழு வருடம் கழித்து மறுபடி கேட்டேன். மனசு நிறைந்துபோயிற்று.

நாதஸ்வரம் நடந்து வந்தது. அம்மா இலை போட்டாயிற்றா என்று கேட்டார். நான் விரலைத் தூக்குவதற்குள் ஹெங்கின் விரல் எழுந்துவிட்டது. “கெட்டிமேளம், கெட்டிமேளம்!” பதினெட்டுப் பேரும் கத்தினார்கள். ஒரு கைகூடக் கைப்பிடியை விடவில்லை. என் கையும்தான். விரல் முட்டி வெளுக்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். மேளம் நின்றது. பிரேக், பிரேக் என்று கத்தினேன். என்னுடையதோடு சேர்த்து இருபது சக்கரமும் நின்றன.

அப்போதுதான் லட்டு டப்பாவோடு ரஃபி கதவைத் திறந்தான். வகுப்பு முடிந்ததும் எல்லாருக்கும் கொடுக்க வரச் சொல்லியிருந்தேன்; திருமண நாளுக்கு இனிப்பு உண்டு என்று போன வாரமே வகுப்பிலும் சொல்லியிருந்தேன்.

“இவர்தானா அது?” என்றார் ஹெங்க். என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. “இன்று இவர்களுக்குத் திருமண நாள். அங்கே போய் நில்” என்று ரஃபியை என் சைக்கிளுக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்.

“நான் என்ன செய்ய வேண்டும்?” என்று மார்லேன் பின்வரிசையிலிருந்து கேட்டாள்.

“கை நிறைய அரிசி இருப்பதாக நினைத்துக்கொள். பிறகு வீசு” என்றார் ஹெங்க்.

வீசினார்கள். பத்தொன்பது வெறுங்கை. ரஃபி டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, நிஜமாகவே அரிசி விழுவது போலக் கண்ணை மூடிக்கொண்டான். நான் சைக்கிளில் உட்கார்ந்தபடியே தலைகுனிந்து ஏற்றுக்கொண்டேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மார்லேன் லட்டைத் தின்றுகொண்டே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாள். வியாழக்கிழமையோடு செவ்வாய்க்கிழமையும் தந்தாள். தண்ணீர் பாட்டில்கள் சைக்கிளில் உள்ள தாங்கியில்தான் இருக்க வேண்டும் என்று பேனாவால் ஒரு வரி சேர்த்தாள். சுவரில் இருந்த அட்டையை எடுக்க வேண்டாம் என்றும் சொன்னாள்.

மாலையில் கண்ணாடி முன்னால் நின்று சடையைப் பிரித்துக்கொண்டிருந்தேன். என்னை அறியாமல் தலைமுடியை உதறி, விரல்விட்டுத் துழாவியிருக்கிறேன் போலும். கல்யாண வீட்டிலிருந்து வந்தால் செய்வோமே, அது போல.

“என்னம்மா தேடறீங்க?” என்று மலர் கேட்டாள்.

“அரிசி” என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

அவள் கைப்பேசியைக் கட்டிலில் போட்டுவிட்டு வந்தாள். என் பின்னால் நின்று முடியை வகிர்ந்து வகிர்ந்து பார்த்தாள். பிறகு காதோரத்தில் எதையோ இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, என் உள்ளங்கையைத் திறந்து அதில் வைத்து மூடினாள்.

“ஒண்ணு இருந்துச்சும்மா” என்றாள்.